மோட்டாரின் பின்கண்ணாடி

கார் ஓட்டுபவனுக்குப் பின்னால் வருவதைக் காட்டுவன இரண்டு கண்ணாடிகள். ஒன்று அவன் நெற்றிக்கு நேரே முன்னே தொங்குவது. மற்றையது அவன் முதுகுக்குப் பின்னே வண்டியின் உடலோடு பதிந்திருப்பது. முன்னையது முகம் பார்க்குங் கண்ணாடி. பின்னையது ஊடு பார்க்குங் கண்ணாடி. தமிழ் இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்திருக்கின்றது. மூக்கிற் கொழுவுவதையுஞ் சேர்த்தாற் கண்ணாடிகள் மூன்றாகும். என் வயதில் மூன்றும் இல்லாமற் கார் ஓட்ட முடியாது.

இம்மூன்றுள்ளும் எவருடைய கவனத்தையும் பெறாதது பின்கண்ணாடியே. முன்கண்ணாடியை நாள்தோறுந் துடைக்கிறோம். பின்கண்ணாடியிலோ குலதெய்வத்தின் பெயரை ஒட்டுகிறோம். பிள்ளைகளின் பெயரை ஒட்டுகிறோம். மிஞ்சிய இடத்தைத் திரைச்சீலையால் மறைக்கிறோம். கலியாணக் காரில் மாப்பிள்ளையும் பெண்ணும் போகும்போது மட்டும் தெருவில் நிற்போர் அதனை எட்டிப் பார்ப்பர். மற்ற நாட்களில் அப்படியொன்று இருப்பதாகவே நினைப்பதில்லை. அது உடைந்தால்தான் அதன் அருமை தெரிகின்றது. உடைந்தபின் அதனை மீண்டும் பெறுவது எத்துணைப் பாடு என்பதைச் சுன்னாகத்திலிருந்து எழுதுவதற்குத் தனியே ஒரு காரணமுண்டு.

தெற்கிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வருவோர் இங்குள்ள பழைய ஆங்கிலக் கார்களைக் கண்டு வியப்பதுண்டு. முன்னைய நாட்களைப்போற் கூட்டமாக இல்லாவிடினும், காங்கேசன்துறை வீதியிற் சுன்னாகம் சந்தைக்கு அண்மையிற் சிறிது நேரம் நின்றால் ஒன்றிரண்டையாவது இன்றுங் காணலாம். 'ஏ போர்ட்டி' என்று நாம் செல்லமாக அழைக்கும் ஒஸ்ரின் சோமசெற் 1952ஆம் ஆண்டு முதல் 1954ஆம் ஆண்டு வரை மட்டுமே செய்யப்பட்டது. அலெக் இசிகோனிஸ் என்பவர் வகுத்த மொறிஸ் மைனர் 1948இல் வெளிவந்து 1971இற் செய்கை நிறுத்தப்பட்டது. பிறந்த நாட்டில் இவை பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் உலா வரும் அலங்கார வண்டிகளாகிவிட்டன. இங்கேயோ இவை வெங்காய மூடையையும் வாழைக்குலையையும் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போயின. நள்ளிரவிற் பிள்ளைப் பேற்றுக்காரியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றன.

யாழ்ப்பாணத்தான் சிக்கனக்காரன், ஆகையால் பழையதை விடமாட்டான் என்று இதற்குக் காரணங் கூறுவோர் உளர். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் பெரிய காரணம் வேறு. 1990ஆம் ஆண்டு ஆனியில் மீண்டும் போர் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை, புகையிரதம் இல்லை, ஆனையிறவு வழி இல்லை. பெற்றோல், பற்றரி, சீமெந்து, வாகன உதிரிப்பாகங்கள் ஆகியன தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. புதிய வண்டி வருவதற்கு வழியில்லாதபோது பழைய வண்டி சாகாமற் பார்த்துக்கொள்வதன்றி வேறென்ன செய்வது?

அந்த ஆண்டுகளில் எங்கள் கராஜ்காரர் செய்தவற்றைத் தனியே ஒரு நூலாக எழுதலாம். மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் ஆவியாகாது. ஆகையாற் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை எழுப்பி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். பழைய இயந்திரங்களின் அமுக்கங் குறைவு. அதனால் அவை இந்த உணவையும் முனகிக்கொண்டு உட்கொண்டன. வீதியெங்கும் அடுப்படி மணம். லொறியின் வில்லுத்தகட்டை வெட்டிக் காருக்குப் பூட்டினர். தார்ப் பீப்பாத் தகட்டைக் கொட்டனால் அடித்து மட்காட் செய்தனர். கடைசல் இயந்திரத்தைக் கையாற் சுற்றித் திருகாணி கடைந்தவரையும் நான் கண்டிருக்கிறேன். இரும்பு, மரம், தோல் என்னும் எதுவும் இவர்களுடைய கைக்குத் தப்பவில்லை.

தப்பியது கண்ணாடி ஒன்றே. வளைந்த தகட்டை நிமிர்த்தலாம். தேய்ந்ததற்கு ஒட்டுப் போடலாம். முறிந்ததைக் காய்ச்சி ஒட்டலாம். உடைந்த பின்கண்ணாடியை மட்டும் ஒன்றுஞ் செய்ய இயலாது. அஃது ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும்.

மோட்டாரிற் பதிக்குங் கண்ணாடி வீட்டு யன்னற் கண்ணாடியன்று. அதில் இரு வகையுண்டு. ஒன்று ஒட்டுக் கண்ணாடி. எடுவார் பெனடிக்டஸ் என்னும் பிரெஞ்சு இரசாயன அறிஞர் 1903இல் ஒரு குடுவையைத் தவறவிட்டாராம். குடுவை வெடித்தது, சிதறவில்லை. முன்னர் அதிலிருந்து உலர்ந்துபோன ஒரு கரைசல் உட்புறத்தே மெல்லிய தோலாகப் படிந்து துண்டுகளைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த நிகழ்ச்சியிலிருந்து பிறந்ததே இரு கண்ணாடித் தகடுகளின் நடுவே ஒரு மென்படலத்தை வைத்து ஒட்டும் முறை. 1909இல் அவர் அதற்கு உரிமை பெற்றார். இன்று முன்கண்ணாடிகள் இவ்வகையின.

மற்றையது பதம் வைத்த கண்ணாடி. பின்கண்ணாடி பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தது. கொல்லன் கத்தியைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பதைப்போல, வெட்டி வளைத்த கண்ணாடியை அறுநூறு பாகைக்கு மேலே சூடாக்கிக் குளிர்ந்த காற்றை அதன் இரு முகங்களிலும் பாய்ச்சுவர். மேற்புறம் முதலில் இறுகுகின்றது. உட்புறம் பின்னர் இறுகும்போது சுருங்க முயல்கின்றது, மேற்புறம் விடுவதில்லை. இவ்விழுபறி கண்ணாடிக்குள் என்றென்றைக்கும் நிலைத்து நிற்கும். அதனால் அதற்கு வலிமை பன்மடங்காகின்றது. ஆனால் அதன் விளிம்பில் ஓர் ஆழமான கீறல் விழுந்தாற் போதும், கட்டு அவிழ்ந்து முழுவதும் ஒரே கணத்திற் கற்கண்டுத் துண்டுகளாக உதிரும். பதினேழாம் நூற்றாண்டில் இளவரசர் உறூபேட் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த கண்ணாடித் துளிகளில் அறிஞர்கள் இவ்வித்தையையே கண்டு மயங்கினர். தலையைச் சுத்தியலால் அடித்தாலும் உடையாத துளி, வாலை நகத்தால் முறித்ததுந் தூளாய்ப் போயிற்று.

இதிலிருந்து வருவது என்னவெனின், பதம் வைத்தபின் அக்கண்ணாடியை வெட்டவோ துளைக்கவோ முடியாது. பெரியதொன்றை வாங்கிச் சிறிதாக்குவோம் என்னும் பேச்சுக்கே இடமில்லை. அந்த வண்டிக்கென்று அந்த அளவில், அந்த வளைவிற் பிறந்த கண்ணாடி வேண்டும். பழைய மொறிஸ் மைனருக்கு முன்கண்ணாடி நடுவே ஒரு கம்பியோடு இரண்டு தட்டைத் துண்டுகளாக இருந்தது. அதற்குச் சுவாமிப் படங்களுக்குச் சட்டம் போடுங் கடைக்காரர் கூட வைர ஊசியால் ஒட்டுக் கண்ணாடியின் இரு புறமுங் கீறி முறித்து, நடுப் படலத்தை அலகால் அறுத்துக் கொடுத்துவிடுவார். 1956இல் மொறிஸ் மைனர் ஆயிரம் என்னும் பெயரோடு வந்த வண்டியில் முன்கண்ணாடி ஒரே வளைந்த துண்டாயிற்று, பின்கண்ணாடியும் பெரிதாயிற்று. பார்வைக்கு அழகு, ஓட்டுபவனுக்கு வசதி. ஆனால் எங்கோ தூரத்திலுள்ள ஒரு தொழிற்சாலை அன்று முதல் எங்கள் ஊர்த் தொழிலாளியின் கையிலிருந்து ஒரு வேலையைப் பறித்துக்கொண்டது. அதனை அப்போது எவரும் உணரவில்லை. 1990க்குப் பின்னரே உணர்ந்தோம்.

எங்கள் வீட்டு வண்டி 1960ஆம் ஆண்டின் மொறிஸ் மைனர் ஆயிரம். தகப்பனார் வாங்கியது. 1991இல் ஒருநாட் பகல், தொலைவில் விழுந்த குண்டொன்றின் அதிர்வில் வீட்டு யன்னல்களோடு அதன் பின்கண்ணாடியும் போயிற்று. வேறு கண்ணாடி தேடுவதைப்பற்றி நினைக்கவும் இல்லை. கிளாலிக் கடலை இருட்டிற் படகிற் கடந்து உயிரோடு வந்து சேர்வதே பெரும்பாடாயிருந்த காலத்தில், வளைந்த கண்ணாடியொன்றை மடியில் வைத்துக்கொண்டு வருவார் யார்? ஊரிற் பலர் தகரம் அடித்தனர்; சிலர் பொலித்தீன் கட்டினர். நாங்கள் ஒட்டுப்பலகையை அளவாக அறுத்து, விளிம்புக்குப் பழைய சைக்கிள் ரியூபைச் சுற்றிப் பதித்தோம். மழை உள்ளே வரவில்லை. வெளிச்சமும் வரவில்லை. முன்னே தொங்கிய கண்ணாடியிற் பலகையின் ஆணிகள் மட்டும் தெரிந்தன.

1995ஆம் ஆண்டு ஐப்பசி 30ஆந் திகதி இரவு வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, அந்த வண்டி எங்களோடு வந்தது. பாதி வழி மண்ணெண்ணெயில், பாதி வழி எங்கள் தோள் வலிமையில். நாவற்குழிப் பாலத்தை அண்டிய இடத்தில் மணிக்கணக்கில் ஓரடியும் நகர முடியாத சனக்கூட்டம், மேலே மழை. பின்னிருக்கையிற் பானை சட்டிகளுக்கும் பாய்ச் சுருளுக்கும் நடுவே தாயார் இருந்தார். பிறந்தது முதற் சுன்னாகத்தை விட்டு நீங்கி அறியாதவர். தம்பி அவர் அழக்கூடும் என்று நினைத்து, "பின்னாலை பாக்கேலாமல் இருட்டாக் கிடக்கே அம்மா?" என்று கேட்டான். "நல்லதாப் போச்சு ராசா, கண்ணாடி இருந்தால் திரும்பித் திரும்பிப் பாத்துக்கொண்டெல்லோ இருப்பன்" என்றார் தாயார்.

1996இல் ஊருக்குத் திரும்பினோம். அவர் 2001இல் மறையும் வரையிலும் வண்டிக்குப் பலகையே இருந்தது. 2002 சித்திரையிற் கண்டி வீதி திறந்தபின்னர்தான், கொழும்பு மருதானைக்கு அருகே பஞ்சிகாவத்தையில், பழைய வண்டிகளைக் கழற்றி விற்குங் கடைத் தெருவில், ஒரு கண்ணாடி கிடைத்தது. 2003இல் அதனைப் பூட்டினோம். அன்று காருக்குள் ஏறியிருந்தபோது முதுகில் வெயில் பட்டது. பன்னிரண்டு ஆண்டுகளாகப் படாத வெயில்.

அந்தக் கண்ணாடி இருபத்தோராண்டு இருந்தது. 2024ஆம் ஆண்டு ஆவணியில் எங்கள் வளவுத் தென்னையிலிருந்து முற்றிய தேங்காயொன்று அதன் மேல் விளிம்பிற் சரியாக இறங்கிற்று. குண்டுக்கும் தேங்காய்க்கும் கண்ணாடி வேறுபாடு பார்ப்பதில்லை. அதே ஓசை, அதே கற்கண்டுக் குவியல். நல்ல காலத்துக்குப் பேரப்பிள்ளை அப்போதுதான் பின்னிருக்கையை விட்டு இறங்கியிருந்தான்.

செய்தி பரவியதும் ஆலோசனை கூறுவோர் வந்து சேர்ந்தனர். யாழ்ப்பாணத்தில் வண்டி வைத்திருப்பவனுக்கு ஆலோசனை ஒருபோதுந் தட்டுப்படுவதில்லை. ஒருவர், விளம்பரப் பலகை செய்வோரிடமுள்ள பிளாஸ்ரிக் தகட்டைச் சூடாக்கி வளைத்துப் போடலாம் என்றார். அது பாரமற்றது, உடையாது, மலிவு. ஆனால் எங்கள் புழுதி வீதிகளில் ஆறு மாதந் துடைத்தாற் பனி மூடிய காலைபோல் மங்கிவிடும். இன்னொருவர், சாதாரண யன்னற் கண்ணாடியை மூன்று பட்டையாக வெட்டி, இடையே கம்பி வைத்து, வளைவை ஒருவாறு ஒப்பேற்றலாம் என்றார். நாளைக்கே முடித்துத் தருவதாகவுஞ் சொன்னார்.

இரண்டாவது ஆலோசனையைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். இதனைச் செய்வோர் இன்றும் உளர், ஆகையால் எழுதுகிறேன். யன்னற் கண்ணாடி உடையும்போது கற்கண்டாக உதிராது. கத்தியாகவும் ஈட்டியாகவும் பிளக்கும். பின்கண்ணாடிக்குக் கீழே இருக்குந் தலைகள் பெரும்பாலும் குழந்தைகளுடையவை, அல்லது வயோதிபருடையவை. அந்தத் தேங்காய் யன்னற் கண்ணாடியில் விழுந்திருந்தால் பின்னிருக்கைக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே அஞ்சுகிறேன். இந்த விடயத்திற் பலகை அடிப்பது எவ்வளவோ மேல். பலகையாற் பின்னே தெரியாது, அவ்வளவே. பக்கக் கண்ணாடிகள் இரண்டை வெளியே பூட்டிக்கொண்டால் ஓரளவு ஓட்டலாம்.

ஆகவே உரிய கண்ணாடியையே தேடுவதென்று முடிவு செய்தேன். காகிதத்தை வண்டியின் வாயில் வைத்துப் பென்சிலாற் கோடிழுத்து அளவை வெட்டி, கொழும்பிலுள்ள ஒரு கடைக்கு அனுப்பினேன். பணத்தைப் பெற்றுக்கொண்டு கடைக்காரர் அனுப்பியது வேறொரு வண்டியின் கண்ணாடி. காகிதத்தின்மேல் வைத்துப் பார்க்க அவருக்கு நேரமில்லையாம். திருப்பி அனுப்பி வாதாடி, இறுதியில் வேறோர் இடத்திற் சரியானதைப் பெற்றோம். இங்கிலாந்தில் இவ்வண்டிக்கென்றே உதிரிப்பாகம் விற்போர் இன்றும் இருக்கின்றனர். புதிய இறப்பர் விளிம்பு அங்கிருந்து தபாலில் வந்தது. 2020ஆம் ஆண்டு முதல் 2025ஆம் ஆண்டுத் தொடக்கம் வரை புதிய கார்களின் இறக்குமதி இந்நாட்டில் நின்றிருந்தமையாற் பழைய வண்டிகளுக்கும் அவற்றின் உறுப்புகளுக்கும் ஏறிய விலையைப் பலரும் அறிவர். நான் கொடுத்த விலையை இங்கே எழுதுவதாக இல்லை. என் இல்லாளும் இப்பத்திரிகையைப் படிப்பவர்.

கண்ணாடி இரவு பஸ்ஸில் இரண்டு மெத்தைகளுக்கு நடுவே நிமிர்த்தி வைக்கப்பட்டு வந்து சேர்ந்தது. படுக்கவைத்துக் கொண்டுவரக் கூடாது. மேலே ஒரு பொதி விழுந்தாற் கதை முடிந்தது.

பூட்டுவதற்கு முன்னே செய்யவேண்டிய வேலைதான் பெரிது. முதலிற் கண்ணாடித் துணுக்குகள். ஈர்க்குமாற்றாற் கூட்டியபின்னும் இருக்கை மடிப்புகளில் அவை ஒளிந்திருக்கும். கோதுமை மாவைப் பிசைந்து உருண்டையாக்கி ஒற்றியெடுத்தாள் மருமகள். அதைவிடச் சிறந்த கருவியை எந்தக் கராஜிலும் நான் கண்டதில்லை. அடுத்துப் பழைய இறப்பர். அது விறகாய் இறுகியிருந்தது. கத்தியால் அரிந்து நீக்கினோம். கீழ் மூலைகளிரண்டிலுந் துரு. மழைநீர் அங்கேதான் தங்கும். நமது உப்புக்காற்றும் அதற்குத் துணை. அதனை உரஞ்சி வெள்ளிரும்பு தெரியும் வரை கொண்டுவந்து, செந்நிறத் துருத்தடுப்புப் பூச்சும் அதன்மேல் நிறமும் பூசி இரண்டு நாட் காயவிட்டார் கராஜ்காரத் தம்பி. இவ்வேலையைத் தட்டிக்கழித்துப் புதுக் கண்ணாடியைப் பூட்டுவது புண்ணைக் கழுவாமற் கட்டுப் போடுவதற்கொப்பாகும்.

கண்ணாடியையும் தகட்டையும் சேர்த்துப் பிடிக்கும் இறப்பர் விளிம்பை எல்லோரும் 'பீடிங்' என்றே சொல்கிறோம். இலக்கியச் சொல்லகராதி தொகுத்த குமாரசுவாமிப் புலவர் பிறந்த ஊரில் இதற்கொரு தமிழ்ச் சொல் இல்லையே என்று எனக்கு ஒரு சிறு வருத்தமுண்டு. அதன் இருபுறமும் பள்ளங்கள் ஓடும். உட்பள்ளத்திற் கண்ணாடி அமரும். வெளிப்பள்ளம் வண்டியின் தகட்டு விளிம்பைக் கவ்வும். கவ்வச் செய்வதுதான் வித்தை.

"வெயில் ஏறட்டும் மாஸ்ரர், அப்பதான் றப்பர் இளகும்" என்றார் தம்பி. பத்து மணி வரை இறப்பரை முற்றத்து வெயிலிற் கிடத்தினோம். பிறகு அதனைக் கண்ணாடியைச் சுற்றிப் பூட்டி, வெளிப்பள்ளம் முழுவதும் ஒரு நைலோன் கயிற்றை உள்ளே செலுத்தி, அதன் இரு நுனிகளையுங் கீழ் நடுவில் ஒன்றையொன்று கடக்கவிட்டு வெளியே தொங்கவிட்டார். எல்லாவற்றுக்கும் சவர்க்காரத் தண்ணீர் தாராளமாகத் தடவப்பட்டது. இருவர் வெளியே நின்று கண்ணாடியை வாயிற் பொருத்தி உள்ளங்கையால் ஒரே சீராக அழுத்தினர். தம்பி பின்னிருக்கையில் முழங்காலிட்டிருந்து கயிற்றின் ஒரு நுனியை மெல்ல இழுக்கத் தொடங்கினார். கயிறு வெளியேற வெளியேற, இறப்பரின் உதடு தகட்டைத் தாண்டி உள்ளே மடிந்து விழுந்தது. கீழ்ப்புறம் எளிதிற் போயிற்று. முதல் மூலையிற் கயிறு நின்றுவிட்டது.

வெளியே நின்ற இளைஞன் ஸ்குறூட்றைவரை எடுத்தான். "ஐயோ, இரும்பைக் கிட்டக் கொண்டு வராதை!" என்று தம்பி உள்ளேயிருந்து கத்தினார். விளிம்பில் ஒரு சிறு கீறல் விழுந்தாற் கண்ணாடி முழுவதும் அவர் மடியில் வந்து கொட்டும் என்பது அவருக்குத் தெரியும். வீட்டிலிருந்து புட்டுக் கிளறும் அகப்பைக்காம்பு வந்தது. அதனாற் சவர்க்காரத் தண்ணீரை மூலைக்குள் ஊட்டி, உதட்டை நெம்பி, மீண்டும் அழுத்தினர். கயிறு நகர்ந்தது. மேல்விளிம்பைச் சுற்றி மற்ற மூலையையுங் கடந்து அது முற்றாக வெளியே வந்தபோது நேரம் பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. ஒருவரும் பேசவில்லை. தம்பி கண்ணாடியைச் சுற்றிலும் விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

புதிய வண்டிகளில் இவ்வளவு பாடில்லை. பின்கண்ணாடியைப் பசையாலேயே ஒட்டிவிடுகிறார்கள். அதில் பனியைப் போக்குஞ் சூட்டுக்கம்பிக் கோடுகளும் உண்டு. ஆனால் அந்தப் பசை போதிய அளவு இறுகும் வரை வண்டியை ஆட்டக் கூடாது. பிறகு கழற்றுவதாயின் கம்பியால் அறுக்கவேண்டும். இறப்பர் முறையில் நேற்றுப் பூட்டியதை இன்று கழற்றி நாளை மீண்டும் பூட்டலாம். நம்மைப் போன்ற இடம்பெயர்ந்து பழகியவர்களுக்கு அதுவே பொருத்தமான முறை என்று சொன்னார் பக்கத்து வீட்டுக்காரர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

மாலையிற் குழாயால் தண்ணீர் பாய்ச்சிச் சோதித்தோம். இடக்கைக் கீழ்மூலையில் ஒரு துளி உள்ளே எட்டிப் பார்த்தது. மறுநாள் அவ்விடத்தில் இறப்பரை நெம்பிக் கறுப்புப் பசை கொஞ்சம் உட்செலுத்தினார் தம்பி. பின்னர் இரண்டு முறை பாய்ச்சியும் ஒழுகவில்லை. பேரன் பின்னிருக்கையில் ஏறி முழங்காலிட்டு, தெருவைப் பார்த்தபடி சந்தை வரைக்கும் வந்தான். தென்னைக்கு அடுத்த நாளே ஆளை விட்டு முற்றிய குலைகளை இறக்கிவிட்டோம்.